அச்சிடும் வரியைச் சேர்த்தால் கர்னல் பூட் ஆகிறது, எடுத்தால் உறைந்துவிடுகிறது

கேள்வி, மார்ச் 2

ஒரு சிறிய எக்ஸ்86 (இன்டெல் வகைச் செயலி) போர்டில் லினக்ஸ் கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஏறத்தாழ எட்டு முறைக்கு ஒருமுறை பூட் பாதியில் உறைந்துவிடுகிறது. எந்த இடத்தில் என்று பார்ப்பதற்காகத் தொடக்க நிரலில் ஒரு வரியை அச்சிடச் சொன்னேன். அதோடு உறைவதும் போய்விட்டது. வரியை நீக்கினால் மீண்டும் வருகிறது. ஃபர்ம்வேர் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) எதையோ முடிக்க நேரம் எடுத்துக்கொள்கிறது என்று நினைக்கிறேன். அந்த வரிக்குப் பதிலாக 5 மில்லிவினாடி தாமதம் வைத்து 20 முறை பூட் செய்தேன், ஒருமுறைகூட உறையவில்லை. தவறு ஃபர்ம்வேருடையது. கர்னலில் இந்தத் தாமதத்தையே திருத்தமாக அனுப்பிவிடலாம் அல்லவா?

பதில், மார்ச் 2, இரவு 10.15

அனுப்ப வேண்டாம்.

உங்கள் ஊகத்தில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. அச்சிடும் வரி சீரியல் போர்ட் (பிட் பிட்டாக அனுப்பும் இணைப்பு) வழியாக வெளியேறுகிறது. அது வினாடிக்கு 115200 பிட் வேகத்தில் ஓடும்போது ஓர் எழுத்துக்குத் தொடக்க பிட், எட்டுத் தரவு பிட்கள், முடிவு பிட் என மொத்தம் 10 பிட்கள். அதாவது ஏறக்குறைய 87 மைக்ரோவினாடி. 60 எழுத்து வரி ஒன்று வெளியேற 5.2 மில்லிவினாடி ஆகும். தொடக்கக் கட்டத்தில் கர்னல் ஒவ்வோர் எழுத்தும் போகும்வரை அங்கேயே காத்திருக்கும். ஆகவே அச்சிடும் வரி என்பது மறைமுகமான ஒரு தாமதம்தான்.

ஆனால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்ல முடியாத தாமதத்தை நான் ஏற்கமாட்டேன். வன்பொருள் உண்மையிலேயே ஏதோ வேலையில் இருக்கிறது என்றால், அது முடிந்ததைச் சொல்லும் ஒரு பிட் பெரும்பாலும் ஏதாவது ஒரு பதிவகத்தில் (வன்பொருளுக்குள் உள்ள சிறு நினைவிடம்) இருக்கும். அந்தப் பிட்டைப் பாருங்கள், அதற்கு ஒரு காலவரம்பு வையுங்கள். எந்தப் பிட் என்று தெரியவில்லை என்றால் காரணமும் இன்னும் தெரியவில்லை என்றே பொருள்.

மார்ச் 3

இதே போர்டு என்னிடமும் ஒன்று இருக்கிறது. இன்று உங்கள் கர்னலை, அச்சிடும் வரி இல்லாமல், மேசைமேல் வைத்து 40 முறை பூட் செய்தேன். ஒருமுறைகூட உறையவில்லை. உங்கள் மின்வழங்கியைச் சந்தேகிக்கிறேன். வேறு ஒன்றை மாற்றிப் பாருங்கள்.

நேற்று எழுத மறந்தது: 20 முறை போதாது. எட்டுக்கு ஒன்று உறையும் பிழை, எதையும் திருத்தாமலே 20 முறை தொடர்ந்து தலைகாட்டாமல் இருக்க 100க்கு 7 வாய்ப்பு உண்டு. எட்டில் ஏழு என்பதை 20 முறை பெருக்கிப் பாருங்கள். அந்த வாய்ப்பை 100க்கு 1க்குக் கீழே கொண்டுவர 35 பூட் வேண்டும். நான் 60 என்று வைத்துக்கொள்வேன். கையால் மின்சாரத்தை அணைத்து அணைத்துப் போடுவது 15 முறைக்குமேல் யாருக்கும் சலித்துவிடும். சலிப்பு வந்த இடத்தில் "சரியாகிவிட்டது" என்ற முடிவும் வந்துவிடும். இந்த வேலையில் நான் கண்ட தவறான திருத்தங்களில் பாதி அப்படிப் பிறந்தவை.

மார்ச் 5, காலை

போர்டை மேசையிலிருந்து எடுத்துச் சோதனை அடுக்கில் பொருத்தி, மின்வழங்கிக்கு முன் ஒரு ரிலே (கணினி இயக்கும் சுவிட்ச்) வைத்தேன். ஸ்கிரிப்ட் மின்சாரத்தைத் துண்டிக்கும், 10 வினாடி காத்திருக்கும், மீண்டும் கொடுக்கும், சீரியல் போர்ட்டில் உள்நுழைவு வரி வருகிறதா என்று 90 வினாடி பார்க்கும், வராவிட்டால் "உறைந்தது" என்று எழுதிவைக்கும். ரீசெட் பொத்தானை வேண்டுமென்றே தவிர்த்தேன். மின்சாரம் போகாமல் மறுதொடக்கம் செய்தால் முந்தைய ஓட்டத்தின் மிச்சம் அட்டைகளில் தங்கி, வேறு ஒரு பிழையைத் துரத்த நேரிடும்.

இரவு முழுவதும் ஓடியதன் முடிவு:

வரி இல்லாத கர்னல்: 60 பூட், 12 முறை உறைந்தது.
5 மில்லிவினாடி தாமதம் வைத்தது: 23ஆவது பூட்டில் முதலில் உறைந்தது, மொத்தம் 60இல் 3.
அச்சிடும் வரி உள்ளது: 60இல் ஒன்றுகூட இல்லை.

ஆகத் தாமதம் திருத்தம் ஆகாது. மின்வழங்கியைப் பற்றி மார்ச் 3 அன்று நான் சொன்னதும் தவறு. இப்போது என் போர்டும் உறைகிறது. மேசைமேல் ஏன் உறையவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மார்ச் 5, மாலை

கம்பைலரை, அதாவது நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளை, குறை சொல்கிறீர்கள். பார்த்தேன். அச்சிடும் வரி வைத்த சார்பின் (நிரல் பகுதியின்) இயந்திரக் கட்டளைகளை இரண்டு கர்னலிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். அச்சிடும் அழைப்பைத் தவிர வேறு எந்த மாற்றமும் இல்லை. கம்பைலரை விட்டுவிடுங்கள்.

மார்ச் 6

உறைந்த 12 ஓட்டங்களின் பதிவுகளையும் திறந்து, கடைசி வரிகளை மட்டும் வரிசையாக வைத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை இது. ஒன்று யூஎஸ்பி தொடங்கும் இடத்தில் நிற்கிறது. இரண்டு, கோப்பு முறைமைகளைப் பதிவுசெய்யும் இடத்தில். ஒன்றில் அரை வரியோடு எழுத்தே அறுந்திருக்கிறது. இன்னொன்றில் யாரும் தொடாத ஒரு பட்டியலின் சுட்டி குப்பையாக இருந்ததால் கர்னல் அலறிவிட்டு நின்றிருக்கிறது.

வன்பொருளுக்காகக் காத்திருப்பதில் தவறு என்றால் நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். இங்கே இடம் அலைகிறது. இது நினைவகத்தில் யாரோ எழுதும் வேலை. நேரத்தைப் பற்றி நாம் இருவரும் நான்கு நாள் பேசியது வீண்.

எல்லாப் பதிவுகளுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. ஃபர்ம்வேர் பயன்படுத்திய தொடக்கக்கால நினைவகத்தைக் கர்னல் விடுவித்துத் தன் பொதுக் குவியலில் சேர்த்த பிறகுதான் ஒவ்வொன்றும் உறைந்திருக்கிறது. அதற்கு முன் ஒன்றுகூட இல்லை.

மார்ச் 7

"தவறு ஃபர்ம்வேருடையது என்றால் கர்னல் ஏன் சுமக்க வேண்டும்" என்று மறுபடியும் கேட்கிறீர்கள். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

போர்டு யாருடைய மேசையில் இருக்கிறதோ அவருக்கு ஃபர்ம்வேரை மாற்றும் வழி பெரும்பாலும் இல்லை. தயாரித்தவர் அந்த மாதிரியை மறந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். கர்னலை மாற்ற முடியும். ஆகவே சுமை நம்மிடம் வந்து சேருகிறது. இது நியாயமா என்ற கேள்விக்குப் பயன் இல்லை. எப்படிச் சுமப்பது என்பதுதான் கேள்வி.

நல்ல எடுத்துக்காட்டு, நினைவகத்தின் அடிப்பகுதி. தூங்கி எழும்போதும், திரைக் கேபிளைச் செருகும்போதும் சில பயாஸ்கள் (பழைய வகை ஃபர்ம்வேர்) முதல் சில கிலோபைட்களில் தம் விருப்பப்படி எழுதிவந்தன. நினைவக வரைபடத்தில் "இது உனக்குத்தான்" என்று கர்னலிடம் கொடுத்த அதே இடத்தில். முதலில் லினக்ஸ் 64 கிலோபைட்டை ஒதுக்கிவைத்தது. எந்த இயந்திரம் எவ்வளவு தூரம் எழுதுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பது முடியாத வேலை என்று ஆனதும், 2021இல் வந்த 5.13 பதிப்பிலிருந்து எக்ஸ்86 இயந்திரம் எதுவானாலும் முதல் 1 மெகாபைட்டைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. கிகாபைட் கணக்கில் நினைவகம் உள்ள இயந்திரத்தில் 1 மெகாபைட் ஒரு இழப்பே அல்ல. இது எனக்கு மிகவும் பிடித்த திருத்தம். காரணம் தெரிந்திருந்தது, அந்தக் காரணம் எட்டக்கூடிய எல்லா இடத்தையும் அது மூடியது.

இன்னொரு வகை, இயந்திரத்தின் பெயரைப் பார்த்துச் செயல்படும் பட்டியல். மறுதொடக்கம் செய்வதற்கு மட்டுமே கர்னலில் அப்படி ஒரு நீண்ட பட்டியல் உண்டு: இந்த மாதிரி என்றால் விசைப்பலகைக் கட்டுப்படுத்தி வழியாக, அந்த மாதிரி என்றால் பிசிஐ (அட்டைகளை இணைக்கும் பாதை) வழியாக என்று. அத்தகைய பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பது காரணத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டோம் என்பதற்கு எழுத்துச் சான்று. நான் அதற்கு எதிரானவன்.

கர்னல் சுமக்க மறுத்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். யூஇஎஃப்ஐ (புதிய வகை ஃபர்ம்வேர்) தன் அமைப்புகளைச் சேமிக்கும் மாறிகளை நீக்கினால் சில இயந்திரங்கள் மறுபடி உயிர்பெறவே இல்லை. ஃபர்ம்வேர் தனக்கு வேண்டியவை அங்கே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று யோசித்ததே இல்லை. 2016இல் அந்த மாறிகளின் கோப்புகளை லினக்ஸ் இயல்பாகவே மாற்ற முடியாதவையாகக் குறித்துவைத்தது. கவனமில்லாத ஒரே கட்டளை ஒரு மதர்போர்டைச் செங்கல்லாக்கும் என்றால், "தவறு என்னுடையது இல்லை" என்று கர்னல் கைகட்டி நிற்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

மார்ச் 7, சற்றுப் பின்னர்

மேலே உள்ளதை எழுதும்போதே அந்த 1 மெகாபைட் நம் பிழையிலும் இருக்குமோ என்று தோன்றியது. இல்லை. நம் கர்னல் 5.13க்குப் பிந்தையது. அந்தப் பகுதி ஏற்கெனவே ஒதுங்கித்தான் இருக்கிறது.

மார்ச் 8, இரவு 1.30

பிடித்துவிட்டேன்.

கர்னலில் பேஜ் பாய்சன் என்ற சோதனை வசதி உண்டு. விடுவிக்கப்படும் ஒவ்வொரு பக்கத்தையும் (4096 பைட் கொண்ட நினைவகத் துண்டு) ஏஏ என்ற பதினாறடிமான பைட்டால் நிரப்பிவைக்கும். அந்தப் பக்கத்தை மறுபடி யாருக்காவது கொடுக்கும்போது, எல்லாப் பைட்டும் அதே ஏஏ தானா என்று சரிபார்க்கும். மாறியிருந்தால் அந்த இடத்தைப் பதிவில் கொட்டிக்காட்டும். இதை இயக்கிவிட்டு இரவில் ஓட்டினேன். ஏழாவது பூட்டில் வந்தது.

திரை முழுக்க ஏஏ ஏஏ ஏஏ. நடுவில் வரிசையாக ஆறு எஃப்எஃப். அடுத்து ஆறு பைட்கள், அவை என்னவென்று உடனே தெரியவில்லை. அதற்கு அடுத்து 08 06 00 01 08 00 06 04 00 01.

இந்தக் கடைசிப் பத்து பைட்களைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டேன். நெட்வொர்க் பொதிகளை (நெட்வொர்க்கில் செல்லும் தரவுத் துண்டுகளை) பார்த்துப் பழகிய யாருக்கும் இவை தெரிந்த முகம். 0806 என்றால் ஏஆர்பி, ஓர் ஐபி முகவரிக்கு உரிய சாதனத்தைத் தேடும் நெறிமுறை. 0001 ஈதர்நெட், 0800 ஐபி முகவரி, 06, 04 என்பவை அந்த இருவகை முகவரிகளின் பைட் நீளம், கடைசி 0001 என்றால் "இந்த முகவரி யாருடையது" என்ற கேள்வி. முன்னால் உள்ள ஆறு எஃப்எஃப் "எல்லோருக்கும்" என்று பொருள்படும் முகவரி. நடுவில் உள்ள ஆறு பைட்கள் அனுப்பியவருடைய முகவரி. இங்குள்ள சாதனங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், அது அச்சுப்பொறி.

அச்சுப்பொறி நெட்வொர்க்கில் கேட்ட ஒரு கேள்வி நம் கர்னலின் நினைவகத்துக்குள் வந்து விழுந்திருக்கிறது.

மார்ச் 8, காலை

தூங்கி எழுந்து நிதானமாக எழுதுகிறேன்.

இந்தப் போர்டின் பூட் வரிசையில் நெட்வொர்க் முதலில் இருக்கிறது. ஃபர்ம்வேர் நெட்வொர்க் அட்டையை எழுப்பி, வரும் பொதிகளை வைப்பதற்கு நினைவகத்தில் சில இடங்களைக் காட்டிவிட்டு, சேவையகம் பதில் தருகிறதா என்று பார்க்கிறது. பதில் இல்லை. வட்டிலிருந்து நம் கர்னலை ஏற்றுகிறது. கர்னல் "எக்சிட் பூட் சர்வீசஸ்" என்ற அழைப்பின் மூலம் பொறுப்பை வாங்கிக்கொள்கிறது. அந்த அழைப்பின்போது ஃபர்ம்வேரின் நெட்வொர்க் டிரைவர் அட்டையை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

அட்டைக்கு ஆட்சி மாறியது தெரியாது. பொதி வந்தால் தனக்குக் காட்டிய பழைய இடத்தில் டிஎம்ஏ (செயலியின் உதவியின்றி அட்டை நேரடியாக நினைவகத்தில் எழுதும் முறை) வழியாக எழுதுகிறது. செயலி அந்த எழுத்தைப் பார்ப்பதே இல்லை. ஆகையால் எந்த இடத்தில் அச்சிடும் வரி வைத்தாலும் கையும் களவுமாகப் பிடிக்க முடியாது.

ஃபர்ம்வேரின் நினைவகத்தைக் கர்னல் ஒதுக்கிவைத்திருக்கும்வரை பாதகம் இல்லை. அதை விடுவித்துப் பிறருக்குக் கொடுத்ததும் ஆபத்து தொடங்குகிறது. கர்னலின் சொந்த நெட்வொர்க் டிரைவர் வந்து அட்டையை மீட்டமைக்கும்போது ஆபத்து முடிகிறது. என் பதிவுகளில் இந்த இடைவெளி ஏறக்குறைய 2 வினாடி. அந்த 2 வினாடிக்குள் பொதி ஒன்று வந்து, அது பயன்பாட்டில் உள்ள பக்கத்தில் விழுந்தால் உறைகிறது.

இப்போது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது. உங்களுக்கு எட்டுக்கு ஒன்று, எனக்கு ஐந்துக்கு ஒன்று: என் நெட்வொர்க்கில் இரைச்சல் அதிகம். மார்ச் 3 அன்று மேசைமேல் 40 முறை உறையாததற்குக் காரணம், அன்று நான் நெட்வொர்க் கேபிளைச் செருகவே இல்லை. கேபிள் இல்லாத இணைப்பை ஃபர்ம்வேரும் எழுப்பவில்லை. சோதனை அடுக்கில் கேபிள் இருந்தது. போர்டை இடம் மாற்றும்போது என்னவெல்லாம் மாறுகிறது என்று ஒரு வரி எழுதிவைத்திருந்தால் ஐந்து நாள் மிச்சமாகியிருக்கும்.

மார்ச் 8, மாலை

இரண்டு சரிபார்ப்புகள் முடிந்தன.

அமைப்புத் திரையில் நெட்வொர்க் பூட்டை அணைத்தேன்: 80 பூட், உறையவே இல்லை.

பொறுப்பு கைமாறியதும் அட்டையின் பிசிஐ கட்டளைப் பதிவகத்தைப் படித்துக் காட்டும் சில வரிகளைக் கர்னலின் தொடக்கத்தில் சேர்த்தேன். பஸ் மாஸ்டர் பிட், அதாவது பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 2ஆவது பிட், 1 என்று இருக்கிறது. நினைவகத்தில் எழுதும் உரிமை அட்டையிடம் இன்னும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

மார்ச் 9

அச்சிடும் வரி ஏன் பிழையை மறைத்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, நேற்று அதைத் தாண்டிப் போய்விட்டேன். அந்த வரியால் கர்னல் பிம்பத்தின் ஒரு பகுதி 4096 பைட் எல்லையை மயிரிழையில் கடந்தது. அதன் பிறகு பக்கங்கள் ஒதுக்கப்பட்ட வரிசை மாறி, அட்டை எழுதும் பக்கங்கள் யாரும் எடுக்காத மூலையில் விழுந்தன. பொதிகள் வந்துகொண்டேதான் இருந்தன. பேஜ் பாய்சனோடு அந்தக் கர்னலையும் ஓட்டி, எல்லா வெற்றுப் பக்கங்களையும் கடைசியில் வலுக்கட்டாயமாக ஒதுக்கச் சொன்னேன். உறையாத ஓட்டங்களிலும் ஏஏ நடுவே அதே ஆறு எஃப்எஃப் இருந்தன.

அந்த 60 சுத்தமான பூட்டும் உண்மையில் சுத்தமானவை அல்ல. வரியோடு கர்னலை அனுப்பியிருந்தால், நினைவகம் நிரம்பும் ஒரு நாளில் யாருடைய கோப்போ சிதைந்திருக்கும்.

மார்ச் 11

திருத்தம் பற்றி.

2020இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து இதற்கென ஒரு விருப்பம் கர்னலில் இருக்கிறது. எக்சிட் பூட் சர்வீசஸ் அழைப்பின் சமயத்தில் பிசிஐ பாலங்களின் பஸ் மாஸ்டர் பிட்டை அணைத்துவிடும். பாலம் மூடினால் அதன் பின்னால் உள்ள அட்டை எதுவும் நினைவகத்தை எட்ட முடியாது. அதைக் கொண்டுவந்ததன் முதன்மை நோக்கம் பாதுகாப்பு. நமக்கும் அதே கதவு போதும். இதை இயக்கி, நெட்வொர்க் பூட்டையும் கேபிளையும் அப்படியே விட்டு 80 பூட் ஓட்டினேன். உறையவில்லை, பேஜ் பாய்சனும் வாய் திறக்கவில்லை.

இதை எல்லோருக்கும் இயல்பாக இயக்கிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் தன் காலடியிலிருந்து டிஎம்ஏ திடீரென்று பிடுங்கப்பட்டால் உறைந்துபோகும் ஃபர்ம்வேர்களும் உண்டு. சோதிக்காமல் இயக்க வேண்டாம் என்று அந்த விருப்பத்தின் விளக்கத்திலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

ஆகவே மார்ச் 7 அன்று நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். பெயர்ப் பட்டியலுக்கு எதிரானவன் என்றேன். எல்லோருக்கும் பொருந்தும் திருத்தம் வேறு சிலரை உறையவைக்கும் என்றால், காரணம் தெரிந்த பிறகு இந்தப் போர்டின் பெயரைப் பார்த்து அந்த விருப்பத்தை இயக்குவது சரியான வழிதான். காரணம் தெரியாமல் சேர்க்கும் பெயருக்குத்தான் நான் எதிர்ப்பு. இந்தப் போர்டுக்கு அப்படி ஒரு திருத்தத்தை எழுதியிருக்கிறேன். விளக்கத்தில் அந்தப் பத்து பைட்களையும் அப்படியே ஒட்டியிருக்கிறேன். ஐந்து ஆண்டு கழித்து இதை நீக்கலாமா என்று பார்ப்பவருக்கு அது வேண்டும்.

ஃபர்ம்வேர் தயாரித்தவர்களுக்கும் அதே சான்றுகளை அனுப்பிவிட்டேன்.

மார்ச் 14

தனியாகக் கேட்ட இரண்டுக்கும் இங்கேயே பதில்.

இந்தப் பிழையைக் கிட் பைசெக்ட் (மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துப் பிழை நுழைந்த மாற்றத்தைத் தேடும் கருவி) கொண்டு பிடித்திருக்க முடியாதா? 10,000 மாற்றங்களுக்கு 14 படிகள். எட்டுக்கு ஒன்று உறையும் பிழைக்கு ஒரு படிக்கு 35 பூட், ஆக 490 பூட். பூட்டுக்கு 90 வினாடி என்றால் 12 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஓர் இரவு வேலை, செய்யக்கூடியதுதான். ஆனால் பக்க எல்லையைக் கடக்கவைக்கும் எந்த மாற்றமும் "நல்லது" என்றோ "கெட்டது" என்றோ தோன்றும். இறுதியில் பாவப்பட்ட ஒருவருடைய தொடர்பில்லாத மாற்றத்தைப் பைசெக்ட் கைகாட்டியிருக்கும்.

தூக்கத்திலிருந்து எழாத உங்கள் மடிக்கணினி: சீரியல் போர்ட் இல்லாத நிலையில் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கர்னலில் பிஎம் டிரேஸ் என்ற வசதி உண்டு. எழும் வழியில் தான் எந்த இடத்தில் இருக்கிறேன் என்பதைச் சுருக்கி எண்ணாக்கி, அந்நேரத்தில் நம்பி எழுதக்கூடிய, மறுதொடக்கத்திலும் அழியாத இடமான கடிகாரச் சில்லில், தேதியாகவும் நேரமாகவும் எழுதிவைக்கும். உறைந்ததும் அணைத்து, உடனே மறுபடி பூட் செய்யுங்கள். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், தாமதித்தால் எண் மாறிவிடும். பதிவில் எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, எந்தச் சாதனம் என்று பொருந்துபவற்றைச் சொல்லும். அதன் பின் உங்கள் கணினியின் தேதி ஏதோ ஓர் ஆண்டைக் காட்டும். அஞ்ச வேண்டாம், நேரத்தைத் திருத்தினால் போதும். இதைக் கண்டுபிடித்தவரின் புத்தியை நினைத்து இன்றும் வியக்கிறேன்: எழுத ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாத அறையில் கடிகார முள்ளைத் திருப்பிவைத்துச் செய்தி சொல்வது போன்ற வேலை.

மார்ச் 27

புதிய ஃபர்ம்வேர் வந்தது. நம் திருத்தத்தை அணைத்துவிட்டு, கேபிளோடு, பேஜ் பாய்சனோடு 200 பூட். உறையவில்லை. கைமாறும் நேரத்தில் பஸ் மாஸ்டர் பிட் இப்போது 0.

மார்ச் 28

நேற்று எழுதியதில் பாதிதான் உண்மை. இந்தப் போர்டில் நெட்வொர்க் போர்ட் இரண்டு. கேபிளை இரண்டாவதில் மாற்றிச் செருகினேன். 11ஆவது பூட்டில் உறைந்தது. பிட்டைப் படித்தால் முதல் அட்டையில் 0, இரண்டாவதில் 1. இரண்டாவதையும் சேர்த்து அவர்களுக்கு மறுபடி எழுதியிருக்கிறேன். அதுவரை கர்னல் திருத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும்.